மேயர் மீது ஊழல் விசாரணை: நியூயார்க் வழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் மேயராக இருந்த எரிக் ஆடம்ஸ் மீது 2024 செப்டம்பரில் குற்றப்பத்திரிகை வந்தது. நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே, 2025 ஏப்ரலில், வழக்கு தள்ளுபடியானது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். எங்கள் பார்வை வேறு. மாநகர நிர்வாகத்தில் ஊழல் என்று வரும்போது குற்றவியல் வழக்கு ஒரு கதவு மட்டுமே. தணிக்கை, தேர்தல் நிதி வாரியம், நன்னடத்தை வாரியம், ஆளுநரின் அதிகாரம் என்று வேறு கதவுகளும் உண்டு. ஒன்று மூடினால் மற்றவையும் மூடிவிடுவதில்லை. ஆடம்ஸின் அரசியல் எதிர்காலத்தைத் தீர்மானித்ததில் நீதிமன்றத்தைவிட ஒரு வாரியத்தின் பங்கு பெரியது.

குற்றப்பத்திரிகையில் இருந்தது என்ன?

மொத்தம் ஐந்து குற்றச்சாட்டுகள்: கூட்டுச்சதி ஒன்று, மின்வழி மோசடி (தொலைபேசி, மின்னஞ்சல் போன்றவை வழியாக ஏமாற்றுதல்) ஒன்று, வெளிநாட்டவரிடம் தேர்தல் நன்கொடை கேட்டது இரண்டு, லஞ்சம் ஒன்று. 57 பக்க ஆவணம் 2024 செப்டம்பர் 26 அன்று வெளியானது. மறுநாள் நீதிமன்றத்தில் நின்ற ஆடம்ஸ், தான் குற்றமற்றவர் என்றார். கடைசிவரை அந்த நிலையில் மாற்றமில்லை. பதவியில் இருக்கும்போதே குற்றஞ்சாட்டப்பட்ட மேயர் நவீன நியூயார்க்கில் இவரே முதலாமவர்.

அரசுத் தரப்பு சொன்ன கதையில் இரண்டு இழைகள் உண்டு. முதலாவது, துருக்கியோடு தொடர்புடையவர்களிடமிருந்து 1,00,000 டாலருக்கும் மேற்பட்ட மதிப்பில் விமானப் பயணங்களும் சொகுசு விடுதி வசதிகளும் இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கிடைத்தன என்பது. அதற்குக் கைமாறாக, ஐ.நா. தலைமையகம் அருகே துருக்கி கட்டிய 36 மாடித் தூதரகக் கட்டடம் தீயணைப்புத் துறையின் பாதுகாப்புச் சோதனை முடியாமலேயே திறக்கப்பட, 2021 செப்டம்பரில் அவர் அழுத்தம் கொடுத்தார் என்றது குற்றப்பத்திரிகை. துருக்கி அதிபர் எர்டோகன் வருவதற்குள் திறந்தாக வேண்டும் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். இரண்டாவது இழை தேர்தல் நிதி. பினாமிப் பெயர்களில் வந்த நன்கொடைகளைக் காட்டி நகரக் கருவூலத்திலிருந்து பணம் பெறப்பட்டது என்பது.

இப்படிப்பட்ட வழக்குகளில் அரசுத் தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு சின்ன உரையாடலே போதும். இஸ்தான்புல் பயணத்துக்கு டிக்கெட் போடும்போது, விமான நிறுவன மேலாளர் 50 டாலர் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். ஆடம்ஸின் ஊழியர் அது சரிவராது என்கிறார். எவ்வளவு போடட்டும் என்று மேலாளர் கேட்க, அவருடைய ஒவ்வொரு அடியையும் கவனிக்கிறார்கள், ஆயிரம் டாலர் மாதிரி போடுங்கள், கொஞ்சமாவது நிஜம்போல இருக்கட்டும் என்று பதில் வருகிறது. சலுகை வாங்குவது வேறு; சலுகை என்று தெரியாதபடி விலையை அமைப்பது வேறு. நடுவர்கள் (வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா என்று முடிவு சொல்லும் குடிமக்கள் குழு) முன் எடுபடுவது இரண்டாவதுதான்.

மேட்சிங் நிதி என்றால் என்ன? அதில் ஊழலுக்கு எங்கே வழி?

இந்த வழக்கின் அடிப்படையே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

1980களின் நடுவில், மேயர் எட் காச் காலத்தில், வாகன நிறுத்த அபராத வசூல் துறையில் பெரிய லஞ்ச ஊழல் வெடித்தது. அதன் விளைவாக 1988-இல் பிறந்ததுதான் நியூயார்க் நகரத் தேர்தல் நிதி வாரியம். பெரும் பணக்காரர்களை நம்பி வேட்பாளர்கள் இருக்கக் கூடாது, சாதாரண மக்களின் சிறு நன்கொடைக்கு மதிப்பு வேண்டும் என்பது நோக்கம். அதற்காக, நகரவாசி ஒருவர் தரும் நன்கொடையில் முதல் 250 டாலருக்கு, ஒரு டாலருக்கு எட்டு டாலர் வீதம் நகரக் கருவூலம் வேட்பாளருக்குக் கொடுக்கிறது. 2018 வாக்கெடுப்புக்குப் பிறகு வந்த விகிதம் இது. 250 டாலர் கொடுத்தால் வேட்பாளர் கையில் சேருவது 2,250 டாலர்.

இந்தப் பணத்துக்குத் தகுதிபெற மேயர் வேட்பாளர் குறைந்தது 1,000 நகரவாசிகளிடம் நன்கொடை பெற்றிருக்க வேண்டும். மேட்சிங்குக்கு உரிய தொகை 2,50,000 டாலரைத் தொட வேண்டும். கம்பெனிகள் நன்கொடை தரவே கூடாது. நகரத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்களின் முக்கியஸ்தர்களுக்குத் தனியாகக் குறைந்த உச்சவரம்பு உண்டு. மேயர் பதவிக்கு அது 400 டாலர். அவர்கள் தரும் பணத்துக்கு மேட்சிங்கும் கிடையாது.

இப்போது மோசடிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டுமான முதலாளியிடம் வேட்பாளருக்குக் கொடுக்க 10,000 டாலர் இருக்கிறது. கம்பெனி பெயரில் கொடுத்தால் சட்டவிரோதம். தன் பெயரில் கொடுத்தால் உச்சவரம்பு இடிக்கும். எனவே 40 ஊழியர்களிடம் ஆளுக்கு 250 டாலர் கொடுத்து, அவரவர் பெயரில் நன்கொடை எழுதச் சொல்கிறார். கருவூலம் அதை 40 சாமானியர்களின் ஆதரவாக எடுத்துக்கொண்டு 80,000 டாலர் தருகிறது. பத்தாயிரம் தொண்ணூறாயிரமாகிவிட்டது. வேட்பாளருக்கு யார் உபகாரம் செய்தார் என்பது இருவருக்கு மட்டும் தெரியும்; எண்பதாயிரத்தைக் கட்டியவர்கள் வரி செலுத்தும் மக்கள்.

அதனால்தான் இது வெறும் படிவக் கோளாறு என்று ஒதுக்கப்படாமல், பொதுப்பணத்தைப் பொய் சொல்லிப் பெற்ற மோசடியாக வழக்காகிறது. ஆடம்ஸின் 2021 பிரசாரத்துக்கு இந்த வகையில் 1 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. அந்தத் தொகை முழுவதும் மோசடி என்று யாரும் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதிக்கு ஆதாரமான நன்கொடைகள் பினாமி என்பதுதான் குற்றச்சாட்டு.

பினாமி நன்கொடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஒரே நிறுவனத்தில் வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே நாளில், ஒரே தொகை. அடுத்தடுத்த வரிசை எண்ணுள்ள மணி ஆர்டர்கள். நன்கொடை அட்டைகள் வேறு வேறு, ஆனால் கையெழுத்தின் சாயல் ஒன்று. இதுவரை எந்தத் தேர்தலிலும் ஒரு டாலர்கூடக் கொடுக்காத குறைந்த சம்பளக்காரர், திடீரென்று உச்சவரம்புத் தொகை கொடுப்பது.

அடுத்த கட்டம் வங்கிக் கணக்கு. நன்கொடைக்குச் சில நாள் முன்போ பின்போ, அதே தொகை முதலாளியிடமிருந்து ஊழியர் கணக்குக்குப் போயிருந்தால் பெரிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. அதன்பிறகு ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் போதும். கொடுத்ததே நினைவில்லை என்பார், அல்லது முதலாளி சொன்னார் என்பார்.

தேர்தல் பொருளாளர்கள் சறுக்குவது இங்கேதான். வாரியம் சந்தேக நன்கொடைகளின் பட்டியலை அனுப்பி விளக்கம் கேட்கும். பதில் சொல்வதை விட்டு, தேர்தல் முடியட்டும் என்று கிடப்பில் போட்டால், பிற்பாடு அந்த மௌனமே சாட்சியாகிவிடும்.

2023 ஜூலையில் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் ஆல்வின் பிராக், ஆடம்ஸின் இதே 2021 பிரசாரத்துக்குப் பினாமி நன்கொடை திரட்டியதாக ஆறு பேர் மீது வழக்குப் போட்டார். அதில் ஆடம்ஸ் மீது குற்றச்சாட்டு இல்லை. 2025 ஜனவரியில் புரூக்ளின் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர், ஊழியர்கள் பெயரில் நன்கொடை கொடுத்ததை ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மேயர் வழக்கு தள்ளுபடியான பிறகும் இவருடைய வழக்கு நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாக விதிக்கப்பட்டது.

மேயர் அலுவலகத்தை விசாரிப்பது யார்? எஃப்.பி.ஐ. மட்டும்தானா?

இல்லை. நான்கைந்து அமைப்புகள் ஒரே சமயத்தில் விசாரிக்கும். எஃப்.பி.ஐ. விசாரித்துக் கொடுப்பதை வழக்காக்குவது ஃபெடரல் வழக்கறிஞர் அலுவலகம். மன்ஹாட்டனில் அது தென் மாவட்ட அலுவலகம். ஆடம்ஸ் வழக்கைத் தொடங்கியபோது டேமியன் வில்லியம்ஸ் அதன் தலைவர். மாநிலச் சட்டப்படி வழக்குப் போடுபவர் மாவட்ட வழக்கறிஞர். இவர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், வாஷிங்டனுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது பிறகு தெரிந்தது: ஃபெடரல் வழக்கு கைவிடப்பட்ட 2025-லும், மேயரின் தலைமை ஆலோசகராக இருந்த இங்ரிட் லூயிஸ்-மார்ட்டின் மீது 2024 டிசம்பரில் பிராக் போட்ட லஞ்ச வழக்கு தொடர்ந்தது. ஆகஸ்டில் புதிய குற்றச்சாட்டுகளும் சேர்ந்தன. அவர் எல்லாவற்றையும் மறுத்தார்.

நகரத்துக்கே சொந்தமான விசாரணைத் துறை ஒன்றும் உண்டு. நகரப் பணத்தைச் சுருட்டிய ட்வீட் கும்பல் என்ற அரசியல்வாதிகளின் கொள்ளைக்குப் பிறகு 1870களில் உருவானது. அதன் ஆணையரை நியமிப்பவர் மேயர்தான். மாநகர மன்றம் ஒப்புதல் தர வேண்டும். இது ஒரு பலவீனம் என்றே நினைக்கிறோம். தன்னை விசாரிக்கக்கூடியவரைத் தானே நியமிக்கும் ஏற்பாடு அது. நன்னடத்தை வாரியம் சிறையில் தள்ளாது. விதிமீறல் ஒன்றுக்கு 25,000 டாலர் வரை அபராதம் போடும். நகரத்தோடு தொழில் செய்பவரிடம் 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசு வாங்கினாலே அந்த வாரியத்தின் விதி மீறப்பட்டதாகும்.

செல்போனைக் கைப்பற்றினால் குற்றவாளி என்று பொருளா?

இல்லை. குற்றத்துக்கான தடயம் அந்தக் கருவியில் இருக்க முகாந்திரம் உண்டு என்று நீதிபதி ஒருவர் ஏற்றிருக்கிறார் என்பது மட்டுமே பொருள். கருவிக்குச் சொந்தக்காரர் சாட்சியாகவும் இருக்கலாம். 2024 செப்டம்பர் 4 அன்று காவல் ஆணையர், முதல் துணை மேயர், பள்ளித் துறைத் தலைவர் உட்படப் பலரின் சாதனங்கள் ஒரே நாளில் எடுக்கப்பட்டன. காவல் ஆணையர் எட்வர்ட் கேபன் எட்டே நாளில் பதவி விலகினார். பதவி விலகல் நிர்வாக முடிவு, குற்ற ஒப்புதல் அல்ல.

ஆடம்ஸின் கருவிகள் 2023 நவம்பரில் கைப்பற்றப்பட்டன. அவர் சொந்தமாகப் பயன்படுத்திய போன் பூட்டப்பட்டிருந்தது. கடவு எண்ணை நான்கு இலக்கத்திலிருந்து ஆறு இலக்கமாக மாற்றியதாகவும் புது எண் மறந்துவிட்டதாகவும் அவர் சொன்னதாகக் குற்றப்பத்திரிகை கூறுகிறது. மறதி குற்றமல்ல. ஆனால் விசாரணை தொடங்கிய பின் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும், செய்தி அழிப்பும், மறைக்கும் நோக்கத்துக்குச் சான்றாக வைக்கப்படும். வழக்கறிஞர்கள் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்வது இதைத்தான்: எதையும் அழிக்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள், மற்ற சாட்சிகளோடு இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

பரிசு வாங்கினாலே லஞ்சம் ஆகிவிடாதா?

மக்கள் கணக்கில் ஆகும். ஃபெடரல் சட்டத்தின் கணக்கில் ஆகாது. கடந்த பத்தாண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லஞ்சத்தின் வரையறையைத் தொடர்ந்து சுருக்கிவந்திருக்கிறது.

2016-இல் வர்ஜீனியா முன்னாள் ஆளுநர் பாப் மெக்டானல் வழக்கு. அவரும் மனைவியும் தொழிலதிபரிடம் பெற்ற பரிசுகளும் கடன்களும் சுமார் 1,75,000 டாலர். ஒருவருக்காகக் கூட்டம் ஏற்பாடு செய்வதும் அதிகாரியை அழைத்துப் பேசுவதும் மட்டும் ‘அரசு நடவடிக்கை’ ஆகாது என்று தண்டனை ரத்தானது. 2024 ஜூனில் இந்தியானா மாநிலத்தின் போர்ட்டேஜ் நகர முன்னாள் மேயர் ஜேம்ஸ் ஸ்னைடர் வழக்கு. நகரத்துக்குக் குப்பை லாரிகள் விற்ற நிறுவனத்திடம், ஒப்பந்தம் முடிந்த பிறகு 13,000 டாலர் வாங்கினார். முன்கூட்டியே பேசிவைத்திருந்தால்தான் லஞ்சம். வேலை முடிந்த பின் நன்றிக்காகக் கொடுத்தது அந்த ஃபெடரல் பிரிவில் வராது என்றது நீதிமன்றம்.

ஆடம்ஸ் தரப்பு இந்த வாதங்களையே எடுத்தது. கட்டட விவகாரம் நடந்தபோது அவர் மேயர் அல்லர், நகரத்தின் ஒரு பகுதியான புரூக்ளினின் (பரோ) தலைவர். தீயணைப்புத் துறை மீது அவருக்கு அதிகாரமில்லை. ஒரு புகாரைக் கடத்தினார், அவ்வளவுதான் என்றது. லஞ்சக் குற்றச்சாட்டை மட்டும் நீக்கக் கோரிய மனுவை நீதிபதி டேல் ஹோ 2024 டிசம்பரில் நிராகரித்தார். நடுவர்கள் கேட்டு முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம். அந்த வாய்ப்பு வரவே இல்லை.

வழக்கு தள்ளுபடியானது ஏன்? அவர் நிரபராதி என்று தீர்ப்பா?

அப்படியொரு தீர்ப்பு இல்லை. சாட்சிகளின் வலுவை யாரும் எடைபோடவே இல்லை.

2025 பிப்ரவரி 10 அன்று, டிரம்ப் நிர்வாகத்தின் நீதி அமைச்சகத்தில் பொறுப்பு வகித்த எமில் போவி, வழக்கைத் திரும்பப் பெறுமாறு தென் மாவட்ட அலுவலகத்துக்கு உத்தரவிட்டார். காரணமாகச் சொன்னது இரண்டு: வழக்கு தேர்தலுக்கு அருகில் வருகிறது என்பதும், குடியேற்றச் சட்ட அமலாக்கத்தில் மேயர் முழுமையாக ஒத்துழைக்க முடியாமல் அது தடுக்கிறது என்பதும். அந்த அலுவலகத்தின் பொறுப்புத் தலைவராக இருந்த டேனியல் சசூன் உத்தரவை ஏற்காமல் பதவி விலகினார். நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் மேலும் பல வழக்கறிஞர்கள் விலகினார்கள். தங்கள் வேலையையே விட்டுவிட்டு அவர்கள் எழுதிவைத்த கடிதங்கள் இந்த விவகாரத்தின் மிக மதிப்புள்ள ஆவணங்கள்.

அரசு கேட்டது, தேவைப்பட்டால் மீண்டும் தாக்கல் செய்யும் உரிமையோடு கூடிய தள்ளுபடி. ஏப்ரல் 2 அன்று நீதிபதி ஹோ அதை மறுத்து, இனி ஒருபோதும் இதே குற்றச்சாட்டுகளைக் கொண்டுவர முடியாதபடி தள்ளுபடி செய்தார். வழக்கு நடத்தும்படி அரசைக் கட்டாயப்படுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டால் மேயர் மக்களுக்கா, வாஷிங்டனுக்கா யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி எழும் என்பது அவர் தர்க்கம். அரசு சொன்ன காரணங்களை அவர் ஏற்கவில்லை. தன் முடிவு குற்றத்தைப் பற்றியோ நிரபராதித்தன்மையைப் பற்றியோ அல்ல என்றும் தெளிவாக எழுதினார்.

குற்றப்பத்திரிகை வந்ததும் பதவி போகாதா?

போகாது. நியூயார்க்கில் பெருங்குற்றத்தில் தண்டனை உறுதியானால்தான் பதவி தானாகக் காலியாகும். அதற்கு முன் நீக்க இரண்டு வழிகள். நகர சாசனப்படி ஆளுநர் மேயரிடம் குற்றச்சாட்டுகளை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, நீக்கலாம். விசாரணை நடக்கும்போது 30 நாள் வரை இடைநீக்கமும் செய்யலாம். இன்னொன்று, மேயர் செயல்பட இயலாதவர் என்று அறிவிக்கும் ஐவர் குழு. அதில் நால்வர் சம்மதிக்க வேண்டும். மேயர் பதவி காலியானால் மக்கள் வழக்காடுநர் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி தற்காலிக மேயராவார், பிறகு சிறப்புத் தேர்தல்.

இன்றுவரை எந்த ஆளுநரும் நியூயார்க் மேயரை நீக்கியதில்லை. மிக அருகில் போனது 1932-இல். மேயர் ஜிம்மி வாக்கரை ஆளுநர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நேரில் வைத்து விசாரித்தார். முடிவு வருமுன் செப்டம்பர் 1 அன்று வாக்கர் தானே விலகினார். 2025 பிப்ரவரியில் நான்கு துணை மேயர்கள் ஒரே நாளில் விலகல் அறிவித்தபோது ஆளுநர் கேத்தி ஹோக்கலும் யோசித்தார். வாக்காளர் முடிவைப் புரட்டத் தயங்கி நீக்காமல் விட்டார்.

வழக்குச் செலவை நகரம் ஏற்குமா?

சொந்த நடத்தை பற்றிய குற்றவியல் வழக்குக்கு நகர வழக்கறிஞர்கள் வரமாட்டார்கள். அதற்காகச் சட்டப் பாதுகாப்பு அறக்கட்டளை தொடங்கலாம். ஒருவரிடம் அதிகபட்சம் 5,000 டாலர் பெறலாம்; நகரத்தோடு தொழில் செய்பவர்களிடம் வாங்கக் கூடாது. ஆடம்ஸ் 2023 நவம்பரில் அப்படியொன்றைத் தொடங்கினார்.

வழக்கு போன பிறகும் அவர் ஏன் மறுபடி மேயராகவில்லை?

பணம் வரவில்லை. குற்றப்பத்திரிகை வந்த சில மாதங்களில், 2024 டிசம்பர் 16 அன்று, தேர்தல் நிதி வாரியம் அவருடைய 2025 பிரசாரத்துக்கு மேட்சிங் நிதி தர மறுத்தது. சட்டம் மீறப்பட்டதாக நம்பக் காரணம் இருக்கிறது, கேட்ட தகவல்களும் தரப்படவில்லை என்றது. வழக்கு தள்ளுபடியான பிறகும் வாரியம் இறங்கிவரவில்லை. 2025 ஜூலையில் ஃபெடரல் நீதிமன்றமும் அந்த முடிவை ரத்து செய்ய மறுத்தது. கட்சியின் உட்தேர்தலைத் தவிர்த்துச் சுயேச்சையாகக் களமிறங்கிய ஆடம்ஸ், செப்டம்பர் 28 அன்று போட்டியிலிருந்து விலகினார். நிதி மறுக்கப்பட்டதையும் ஒரு காரணமாகச் சொன்னார். நவம்பர் 4 தேர்தலில் ஸோரான் மம்தானி வென்றார்.

சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வாரியத்துக்கு இல்லை. பொதுப்பணம் கேட்பவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டங்கள் எழுதும் எந்த நகரமும் எடுத்துக்கொள்ள வேண்டிய அம்சம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்: பொய் இருந்தால் பணம் நிற்கும், அதற்கு சிறைத்தண்டனை வரை காத்திருக்கத் தேவையில்லை.

மற்ற நகரங்களில் தண்டனை பெற்ற மேயர்கள் உண்டா?

உண்டு. டெட்ராய்ட்டின் குவாமி கில்பாட்ரிக் 2013-இல் 24 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டு 28 ஆண்டு சிறை பெற்றார். 2021 ஜனவரியில் டிரம்ப் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். நியூ ஆர்லியன்ஸின் ரே நேகினுக்கு 2014-இல் 10 ஆண்டு. பால்டிமோரின் கேத்தரின் பியூ, தான் எழுதிய குழந்தைப் புத்தகங்களை நகரத்தோடு தொடர்புள்ள நிறுவனங்களுக்கு விற்ற வழக்கில் 2020-இல் மூன்றாண்டு பெற்றார். இன்னொரு பக்கம், நியூயார்க்கின் பில் டி ப்ளாசியோவை ஃபெடரல், மாநில வழக்கறிஞர்கள் இருவருமே நிதி திரட்டல் தொடர்பாக விசாரித்து, 2017 மார்ச்சில் வழக்குப் போடுவதில்லை என்று முடித்தார்கள்.

சாதாரண நகரவாசி எதைப் பார்க்கலாம்?

தேர்தல் நிதி வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு நன்கொடையும் பெயர், தொகை, தேதி, வேலை செய்யும் நிறுவனத்தோடு கிடைக்கும். நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடித் தேதிவாரியாக அடுக்குங்கள். கொத்தாக வந்தவை கண்ணில் படும். அதே நிறுவனம் நகரத்திடம் எவ்வளவு பணம் பெறுகிறது என்பதைக் கணக்காயரின் செக்புக் தளத்தில் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அந்தத் துறைக்குக் கடிதம் எழுதுங்கள். ஐந்து வேலை நாளில் பதில் தந்தாக வேண்டும். பெரும்பாலும் அது ‘கடிதம் கிடைத்தது’ என்பதாக மட்டுமே இருக்கும், எப்போது முடிவு சொல்வார்கள் என்ற தேதியும் அதில் வரும். அந்தத் தேதி தாண்டினால் எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். ‘எல்லா மின்னஞ்சல்களும்’ என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். ஒரு அதிகாரி, ஒரு நிறுவனம், மூன்று மாத இடைவெளி என்று குறுக்கிக் கேட்டால் பதில் வரும்.